பனி வாரப் போன இடத்தில்

அன்புள்ள அம்மாவுக்கு ஜெரிஷ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. முட்டுவலிக்கு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? எனக்குச் சுகந்தான், அசதி மட்டும்.

கனடாவில் பனிக்காலம் தொடங்கிவிட்டது. தெருவில் பனி வாருகிற முனிசிபாலிட்டி வண்டியை நான் ஓட்டுகிறேன். நேற்று காலையில் தனியாக இருக்கும் ஒரு கிழவர் வாசலில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் கிடந்தார். தூக்கி வண்டிக்குள் உட்காரவைத்தேன். ஆங்கிலம் வாயில் வரவில்லை. அவர் பயந்துபோயிருந்ததால் நம்மூர்ப் பேச்சிலேயே "பேடிக்காண்டாம் பாட்டா" என்று தைரியம் சொன்னேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் என் கையை விடவில்லை. பிழைத்துவிட்டார்.

அங்கே பஞ்சாயத்தில் மழைக்கு முன் ஓடை வாரினார்களா? வாராவிட்டால் முற்றத்தில் தண்ணீர் ஏறிப் பாசி பிடிக்கும். தனியாக இறங்காதீர்கள். போனில் பேச ஒன்றுமில்லை என்றாலும் உடனே வைத்துவிடாதீர்கள்.

மறுபடி பனி கொட்டுகிறது, வண்டியை எடுக்கக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்
ஜெரிஷ்