நீராவி எஞ்சினுக்கு மேலே ஒரு பேண்டோ

முத்தாபுதுப்பேட்டை,
ஆயுத பூஜைக்கு மறுநாள்.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி பானு எழுதுவது. இங்கே அத்தை, உங்கள் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். எனக்கு மட்டும் கோபம். போனில் பேசினால் பக்கத்தில் நாலு காது இருக்கிறது, நீங்களும் "சரி சரி, அப்புறம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். பூந்தமல்லி நஜீர் அண்ணன் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வடகம் தனியாக இருக்கிறது, ரூமில் எல்லோருக்கும் கொடுங்கள்.

நேற்று நடந்ததை உங்கள் அண்ணன் ஒரு மாதிரி சொல்லியிருப்பார். நான் சொல்வதையும் கேளுங்கள். பூஜைக்கு அவரவர் சாமானை வைத்தோம். உங்கள் அண்ணனின் ஸ்பேனர் பெட்டி, அண்ணியின் தையல் மெஷின், அத்தையின் அருவாமனை. நான் லெகோ துண்டுகளைக் கோத்துக் கட்டிய என் எஞ்சினை வைத்தேன். அம்பத்தூர் கம்பெனியில் நாளெல்லாம் யாருடைய வண்டிக்கோ துண்டு துண்டாகப் பாகம் வரைகிறேன். முழுசாக நான் கட்டியது இது ஒன்றுதான்.

கறுப்பு நீராவி எஞ்சின், அதன் கூரைமேல் பேண்டோ. அதுதான் வம்பு. உங்கள் அண்ணன் அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயிலுக்குப் பேண்டோ பார்க்கிறவர் ஆயிற்றே. மேலே கம்பியைத் தொட்டு கரண்ட் வாங்குகிற சட்டத்தைக் கரி வண்டியில் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "கரி இஞ்சினுக்கு இன்னாத்துக்குமா பேண்டோ? ஷெட்டு ஆளுங்க பூஜைக்கு வராங்க. பாத்தா என் மானம் கப்பலேறிடும்" என்றார். நான் சுண்டல் தாளிக்கப் போன நேரம் பார்த்துப் பேண்டோவை மட்டும் பிடுங்கித் துடைப்பத்துக்குப் பின்னால் போட்டுவிட்டார். கெடுத்ததாக அவருக்கு நினைப்பே இல்லை. கோளாறு என்று ரிப்பேர் பார்த்திருக்கிறார்! ஷெட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கு இப்படித் தோன்றும்?

வந்தவர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அதைத் தேடி எடுத்து, துடைத்து, மறுபடி மாட்டினேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்தில் கரி கிடைக்காமல் போனது, ஆற்று மின்சாரம் நிறைய இருந்தது, அதனால் பழைய எஞ்சினுக்குப் பேண்டோ வைத்து, கரண்டிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓட்டினார்கள் என்று சொன்னேன். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டு அத்தை வெந்நீர் வைப்பதும் அதேதானே என்றேன். யாரும் நம்பவில்லை. போட்டோவைக் காட்டினேன். "இதெல்லாம் ஏஐ-ல பண்ணதுமா" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பேண்டோவோடுதான் அதற்குக் கற்பூரம் காட்டினேன்.

அவர்கள் போனதும் அத்தை ஆரம்பித்தார். "புள்ள இல்லாத ஊட்ல பொம்ம எதுக்கு? தீபாவளிக்குள்ள எல்லாத்தையும் பெரியவன் தங்கராஜ் பசங்களுக்குக் குடுத்துட்டு அந்த ரூமைக் காலி பண்ணு" என்றார். நீங்களும் போனில் அதையேதான் சொன்னீர்கள். "குடுத்துடு பானு, ஊட்ல சண்ட வாணாம்."

கொடுக்கமாட்டேன் மாமா. பிள்ளைகள் வந்து விளையாடட்டும், நானே கூட உட்கார்ந்து கட்டித் தருகிறேன். ஆனால் அந்த லெகோ பெட்டிகள் எந்தக் குழந்தைக்காகவும் காத்திருக்கவில்லை. அவை என்னுடையவை. என் சம்பளத்தில் வாங்கியவை. அவை இருக்கிற பின் ரூமும் காலியாகாது. அடுத்த மாதம் அம்பத்தூரில் எங்கள் லெகோ குழு கண்காட்சி வைக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன். அங்கேயும் சிரிப்பார்கள், அதற்கென்ன?

இன்னொன்று. டாக்டர் உங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னதையும், வீட்டு வாசலில் என் கையைப் பிடித்துச் சொன்னதையும் இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை வரம் கேட்டு அத்தை வேப்பிலை கட்டிக் கோயில் கோயிலாக என்னைச் சுற்ற வைத்தபோதும் சொல்லவில்லை. நேற்று அத்தை அத்தனை பேச்சுப் பேசியும் வாயைத் திறக்கவில்லை. இனியும் நான் சொல்லமாட்டேன். பிள்ளை இல்லையென்று எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை மாமா, சத்தியமாக இல்லை. எல்லாம் தெரிந்தும் "குடுத்துடு" என்றீர்களே, அதற்குத்தான் கோபம்.

வெயிலில் வேலை, மோர் குடியுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் அத்தைக்குப் போன் போட்டு, டாக்டர் சொன்னதை நீங்களே சொல்லிவிடுங்கள். எந்த நாள் என்று எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிவியுங்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். கேட்டதும் அவர் அழுவார், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

என்றும் உங்கள்,
பானுப்பிரியா