கை போதவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

மஸ்கட்டில் சூடு குறைந்ததா? இங்கே எல்லாரும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை பாசன சங்கக் கூட்டத்துக்குப் போனேன். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் நம் வயலுக்கு வருகிற வாய்க்காலில் ஆள் உயரத்துக்குக் கோரை மண்டிக் கிடக்கிறது. தூர்வாரத் தீர்மானம் போட வேண்டும். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப்போல வயலில் இறங்குகிற பெண்கள்தான். கை தூக்கினோம்.

தலைவர் முத்துநாயகம், "பட்டா உங்க பேருல இல்லல்லா மக்கா, ஆம்பிளையள வரச் சொல்லுங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பட்டாக்காரர்களில் பாதிப் பேர் உன்னைப்போல வெளிநாட்டில். கை போதவில்லை என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். கன்னிப்பூப் பருவ நடவுக்கு இனி தண்ணீர் வராது.

அப்பா உனக்கு வயலை எழுதி வைத்தார், எனக்கு நகை போட்டார். அந்த நகையில் மிஞ்சியதும் போன வருடம் உன் வயலுக்கு உரமாகப் போயிற்று. ஒரு துண்டாவது என் பேருக்கு மாற்றித் தா என்று கேட்டிருந்தேன். இனிக் கேட்க மாட்டேன், அலுத்துவிட்டது.

ஊருக்கு வரும்போது நம் வயல் அரிசி வேண்டும் என்றாயே, எடுத்து வைக்கிறேன். விதைநெல்லைத்தான் நேற்று அவித்துக் காயப்போட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா