பதினெட்டு மாடுகளும் ஒரு கையெழுத்தும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. வேண்டாம், முதல் வரியிலேயே பொய் எதற்கு? உன் மாமாவின் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான். மருந்துக் கடையில் தீருகிற வயிற்றெரிச்சல் இல்லை அது.

உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த தட்டச்சுத் தாளும் செவ்வாய்க்கிழமை வந்தன. தாளை நாலு முறை படித்தேன். திட்டத்தில் கிடைத்த பசுவால் என் வாழ்க்கை மாறியதாம். தினமும் நிலையத்தில் பால் ஊற்றுகிறேனாம். அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறேனாம். கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. பேஷ்! எனக்கு ஏதடா பிள்ளைகள்? நான் படிக்கவைத்தது உன்னை ஒருத்தனைத்தான்.

வர்த்தக ஒப்பந்தம் போட்ட நாட்டுக்காரர்கள் எல்லாரும் கூடுகிற கூட்டத்தில் இதை வாசிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். சந்தையைத் திறந்துவிட்டாலும் ஏழைகளைக் கைவிடவில்லை என்று காட்ட ஒரு பெண்ணின் வாக்குமூலம் வேண்டுமாம். சும்மா ஒரு கையெழுத்துதானே அக்கா என்றும் எழுதியிருக்கிறாய். சும்மாவா? இங்கே நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பால் நிலையத்தில் பால்மானியைப் போட்டுப் பார்த்து அளவு எழுதியவள் நான். தண்ணீர் கலந்திருந்ததென்று சொந்த நாத்தனாரின் கேனையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவள் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. வெளிநாட்டுப் பால்பவுடர் வரியில்லாமல் வந்து இறங்கியதும், நம்மிடம் பால் வாங்கிய கம்பெனி முதலில் சாயங்காலப் பால் வேண்டாம் என்றது. அப்புறம் காலைப் பாலிலும் பாதி போதும் என்றது. கடைசியில் ஒரு பூட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டது. கப்பலேறி வருகிற பால் எப்படியடா நம் பாலைவிட மலிவாக இருக்கும் என்று உன்னிடம் கேட்டேன். அந்த நாட்டு அரசாங்கம் பண்ணைக்காரர்களுக்குக் கைகொடுக்கிறது என்று விளக்கமாக எழுதினாய். நம் அரசாங்கம் நமக்குக் கைகொடுத்தால் மட்டும் அது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்றும் எழுதினாய். படித்தவன் சொல்கிறாய், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பூட்டு மாட்டிய நாலாம் மாதம் வறுமை ஒழிப்புத் திட்டம் வந்தது. என்ன கொடுத்தார்கள் தெரியுமா? மாடு! பாலை வாங்க ஆளில்லாத இடத்தில் பதினெட்டுப் பெண்களுக்குப் பதினெட்டுக் கறவை மாடு. எனக்கும் ஒன்று. காதில் மஞ்சள் வில்லையைக் குத்தி, மூன்று வருஷத்துக்கு விற்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மாதாமாதம் தீவன மூட்டை தருகிறார்கள். அதுவும் இல்லையென்றால் மாடுகள் எலும்பும் தோலுமாகிவிடும். பாலில் கொஞ்சம் வீட்டுக்கு, கொஞ்சம் அக்கம்பக்கத்துக்கு, மீதி கன்றுக்கு. டீக்கடைக்காரரே பவுடருக்கு மாறிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

போன மாதம் திடீரென்று நிலையத்தைத் திறந்து வெள்ளையடித்தார்கள். திட்டத்து மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன். "வர்ற வியாழக்கிழமை காலையில எல்லாரையும் பாலோட வரச் சொல்லுங்கம்மா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது, மீதியெல்லாம் நானே நினைத்துக்கொண்டது. வீடு வீடாக ஓடினேன். நிலையத்தைத் திறக்கிறார்கள், முதல் நாளே கேன் நிறைந்தால்தான் கம்பெனிக்கு நம்பிக்கை வரும், கன்றுக்கு விடாமல் ஒட்டக் கறந்து கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். நான் சொன்னால் மறுபேச்சு ஏது? பால் விஷயத்தில் என் வாயிலிருந்து தப்பான வார்த்தை வந்ததில்லையே.

வியாழக்கிழமை மூன்று கார்களில் வந்தார்கள். கேன்கள் வரிசையாக நின்றன. நான் பால்மானியைப் போட்டு அளவைச் சத்தமாகப் படித்தேன், படம் பிடித்தார்கள். ஒரு வெளிநாட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வந்தவர்களுக்கு டீக்கடையிலிருந்து டீ வந்தது, பவுடர் டீ. பக்கத்திலேயே கேன் கேனாகப் பால்! எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பார். அரை மணி நேரத்தில் கார்கள் கிளம்பின. பாலை ஏற்ற வண்டி எப்போது வரும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "எந்த வண்டிம்மா? இது பார்வையிடத்தானே" என்றார். குளிரூட்டும் தொட்டிக்குக் கரண்டே கொடுக்கவில்லை. முடிந்தவரை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினோம். மத்தியானத்துக்குள் மீதியெல்லாம் திரிந்துவிட்டது. என் கையாலேயே சாக்கடையில் கொட்டினேன்.

வாயாடி என்று நாங்கள் கூப்பிடுவோமே, அந்தக் கடைசி வீட்டுக்காரி அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு வசவுகூட வையவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதானேக்கா கன்னுக்குக்கூட விடாம கறந்தேன்" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதையெல்லாம் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைத் திரும்பப் படித்தேன். திட்டம் தோற்றது என்று தெரிந்தால் ஒப்பந்தம் மாறாது அக்கா, தீவனம்தான் நிற்கும். வாக்குமூலம் வந்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு மூட்டை வரும் என்று எழுதியிருந்தாய். படுபாவி, எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாய்! நிஜத்தைச் சொன்னால் பதினெட்டு மாடும் பட்டினி, பொய்யைச் சொன்னால் தீவனம். இப்படி ஒரு கணக்கைப் போட உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது இதற்காகவா?

மூன்று நாள் யோசித்தேன். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், மானம் போனாலும் போகட்டும் என்று இன்று காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாள் இந்தக் கவரிலேயே இருக்கிறது, எடுத்துக்கொள். உனக்காகப் போட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

லீவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அந்த ஒப்பந்தத்தில் உன் கையும் இருக்கிறது என்பது இங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ வந்தால் அந்தப் பெண்கள் எல்லாரும் உன்னைப் பார்க்க வருவார்கள். தம்பி வந்திருக்கிறான் என்று உரிமையோடு ஆளுக்கொரு சொம்பு பால் கொண்டுவருவார்கள். அதை நீ குடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்த வருஷம் வரவேண்டாம். அடுத்த வருஷத்தைப் பற்றி நானே எழுதுகிறேன், அதுவரை நீயாகக் கிளம்பிவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன்னை வளர்த்தவள்,
அக்கா