முதல் வகுப்பில் பருப்புச் சோறு

9-2-1964, ஆர்.எஸ்.புரம், கோயமுத்தூர்

டிக்கெட் வந்துவிட்டது. பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பல், இரண்டு பேருக்கும் முதல் வகுப்பு. எடுத்துக் கொடுத்த சம்பந்தி சுந்தரராஜுலு மில்காரர். இரண்டாம் வகுப்பு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நானோ முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுவிட்டு, இப்போது உக்கடத்துக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவன்.

மான்செஸ்டரில் மகள் கோமளாவுக்கு மார்ச் கடைசியில் பிரசவம். மாப்பிள்ளைக்குப் படிப்பு முடியவில்லை, அவள் இங்கே வர முடியாது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே நடக்க வேண்டும்?

"அப்ப தாய் ஊடே அங்க போயிருமுங்க," என்றாள் என் மனைவி ராமாமணி.

கடலுக்கு அவள் பயப்படவில்லை. சாப்பாட்டுக்குத்தான் பயம். மாமிசம் கிடையாது, மசாலா கிடையாது. கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷமாக அவள் நாக்கு பருப்பு, ரசம், மோர் என்ற மூன்று ஊர்களைத் தாண்டிப் போனதில்லை. என் நாக்கும் கூடவே குடியிருக்கிறது.

21-2, கப்பல்

சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டு வாசிக்கிறார்கள். மெனு அட்டை அசல் கேள்வித்தாள்: எட்டுப் பிரிவு, முப்பத்தாறு வினா. எனக்கு விடை தெரிந்தவை வேகவைத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, பால். பட்டாணி சூப் என்று நம்பிக் கரண்டியை விட்டேன். அடியில் பன்றித் துண்டு. நல்லவேளை, பார்த்துவிட்டேன்.

22-2

அவள் ஒரு வாழைப்பழம். நான் ரொட்டி ஆறு.

23-2

பயணிகள் குறை கேட்கும் அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதினேன்: வெறும் சோறு, உப்புப் போட்டு வேகவைத்த பருப்பு, மோர். அவர் நேரிலேயே வந்து, உங்கள் காபினில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். இது எங்கள் அன்றாடச் சாப்பாடு என்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிஷம். கீழ்த்தளத்தில் மாலுமிகளுக்குப் பருப்பு வேகிறதாம். அதிலிருந்து தருகிறோம் என்றார்.

இரவே வந்தது. வெள்ளிப் பாத்திரம், வெள்ளி மூடி, வெள்ளைக் கையுறை போட்ட கோவாக்காரப் பரிசாரகர். ராமாமணிக்கு ஒரு கரண்டி வைத்தார். அவள் வழக்கப்படி தட்டின் மேல் கையை வைத்து, "போதுங்க," என்றாள். அவர் தலை வணங்கிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். நானும் மரியாதைக்கு 'நோ, தாங்க் யூ' சொல்லித் தொலைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் முதல் 'போதும்' வெறும் முகமன். இரண்டாவது, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அர்த்தம். பரிமாறுகிறவர் மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் கை விலகும். இந்தச் சூத்திரம் கோவாவில் இல்லை.

24-2

நான் திருந்திவிட்டேன். கேட்டவுடன் 'எஸ்'. அவளையும் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

"கேட்ட ஒடனே தட்ட நீட்டறதுக்கு நாமென்ன காணாததக் கண்டவங்களா?" என்றாள். மூன்று வேளையும் ஒரு கரண்டி, ஒரு 'போதுங்க'. நான் அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்று விட்டுவிட்டேன்.

25-2

மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். அடி இல்லை.

கப்பல் டாக்டர் வெள்ளைக்காரர், நல்ல மனுஷர். நோய் ஒன்றும் இல்லை, பலவீனம் என்றார். போர்ட் சயீது போவதற்குள் அவள் சரியாகச் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால், அங்கேயே ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டிவரும். அதற்கப்பால் கடல் மோசம், பத்து நாள் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார்.

இறங்கினால் அடுத்த கப்பல் எப்போது? பிரசவம் காத்திருக்குமா?

அவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரிகிறது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "புள்ள ஒத்தையில கெடக்குமே," என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு வாய் தின்னுபோட்டா என்ன கொறஞ்சா போயிருவ என்று கத்திவிட்டேன். ஒரு பையனையாவது அதட்டிக் கணக்கு வரவழைத்திருக்கிறேனா? கிடையாது. தெரிந்தும் கத்தினேன்.

26-2, ஏடன்

மேஜைக்கு ஒரு கோயமுத்தூர்க்காரர் வந்தார். கோட்டைமேட்டு ஜவுளி வியாபாரி ஜபருல்லா. எங்கள் பேச்சு காதில் விழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஹலால் கறி இல்லை என்பதால் அவருக்கும் ஐந்து நாளாக முட்டையும் சோறும்தான். சாயங்காலம் ஏடனில் இறங்கிவிடுவாராம்.

ராமாமணி தட்டை மூடினாள். பரிசாரகர் நகரப் பார்த்தார். ஜபருல்லா அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்கக்கா, கோழி கொத்தறாப்பல சாப்பிடறீங்க. இந்தாங்க."

"போதுங்க."

"நானு எறங்கற நாளுங்க. ஒரே கரண்டி."

"ஐயோ, வேண்டாங்க தம்பி."

"அப்பறம் நானும் கை கழுவிப்போடுவேன், பாத்துக்குங்க."

கை விலகியது. நாலு கரண்டி சாப்பிட்டாள். பருப்பில் உப்புக் கம்மி என்று குறையும் சொன்னாள். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

போகும்போது அவர் என் காதருகில் குனிந்தார். "வாத்தியாரே, நீங்க அக்காளுக்கு ஒருக்காவாச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

சிரித்தேன். காபினுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒருக்காவாச்சும்? யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவள் போட, நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் சாப்பிடுவாள். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு — பார்த்ததே இல்லை. வீட்டில் அவளை யாரும் உபசரிக்க வேண்டியதில்லை, வீட்டுக்காரி. இங்கே அவள் விருந்தாளி. சாப்பிடச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

27-2

மதியம் கோட்டும் டையுமாக எழுந்து நின்று கரண்டியை வாங்கினேன். கூடம் முழுவதும் திரும்பியது.

"ஏனுங்க, நாலு பேர் பாக்கறாங்க. உக்காருங்க."

"பாக்கட்டும். இன்னொரு கரண்டி, அம்மணி."

"போதுங்க."

"கொஞ்சூண்டு."

"வேண்டாங்கறேன்ல?"

மூன்றாவதாக என்ன சொல்வதென்று தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை. கொஞ்சம் பருப்பு மேஜை விரிப்பில் சிந்தியது. ஜபருல்லா மாதிரி மிரட்டவும் வரவில்லை. "எனக்கோசரம்," என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

28-2

காலை இரண்டு கரண்டி. மதியம் மூன்று. இரவு மூன்றரை.

29-2

பரிசாரகர் எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இன்று அடுத்த மேஜையில் ஓர் ஆங்கிலச் சீமாட்டி புட்டிங் வேண்டாம் என்றாள். அவர் நகரவில்லை. மறுபடி கேட்டார். வேண்டாம். மூன்றாவது தடவையும் அன்பாகக் கேட்டார். அந்த அம்மாள் மேலதிகாரியைக் கூப்பிட்டுவிட்டாள்.

நான்தான் எழுந்து போய் விளக்கினேன். பாதிதான் புரிந்திருக்கும், ஆனால் அப்புறம் புட்டிங்கை வாங்கிச் சாப்பிட்டாள்.

2-3, போர்ட் சயீது

காலையில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், எதற்கும் இருக்கட்டும் என்று. டாக்டர் வந்து நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், வராந்தாவில் இரண்டு முறை நடக்கச் சொன்னார். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். வேளைக்கு மூன்று தடவை, சாப்பாட்டோடு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, பெட்டியை அவிழ்க்கலாம் என்றார்.

கப்பல் கிளம்பிக் கரை கண்ணுக்கு மறையும்வரை ராமாமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

27-3, மான்செஸ்டர்

நேற்று அதிகாலை பெண் குழந்தை. ஆறே முக்கால் பவுண்டு. கோமளா நலம். வலி எடுத்ததிலிருந்து அம்மா கையைப் பிடித்தவள், பிரசவ அறை வாசல்வரை விடவில்லையாம்.

இன்று மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறார். ராமாமணி மதியம்தான் திரும்பினாள், ஒன்றரை நாளாகத் தூக்கமில்லாமல். நான் சோறு வடித்து, பருப்பு வேகவைத்திருந்தேன். சோறு குழைந்துவிட்டது. உட்காரச் சொல்லிப் பரிமாறினேன். பேத்தியின் காது யார் ஜாடை என்று பேசிக்கொண்டே சாப்பிட்டாள். தட்டு காலியானது. கரண்டியோடு போனேன், என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசில் வரிசைப்படுத்திக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம் போடுங்க," என்று அவளே தட்டை நீட்டினாள்.

பானையில் இருந்தது ஒரு கரண்டிதான். போட்டேன். போதவில்லை. மறுபடி உலை வைத்தேன். அவள் எழுந்து வரவில்லை. நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு, அரிசி வேகும்வரை காத்திருந்தாள்.