நீ சின்னம்மாவை மறக்கவில்லை

என் உயிரான அக்கா,

முதல் கோபம் உன்மேல்தான். யாராவது பழி போட்டால் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கமாட்டாயா? படுக்கையில் கிடந்தபடி "நானேதான் மறந்துட்டனோ" என்று உன் கம்ப்யூட்டர் சென்டர் முதலாளிக்கே பாதி சம்மதம் கொடுத்துவிட்டுப் போனாயே.

நாளை உன் பதினாறாம் நாள். நகரியிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் வந்த உறவுக்காரர்கள் கூடம் முழுக்கப் படுத்திருக்கிறார்கள். நான் சமையலறையில் உட்கார்ந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் வீட்டுப்பாடம் என்று சொல்லிவிடுவேன். மேலே ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் கரண்ட் போய்விட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நீ போனபிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளைகளைச் சேர்த்துவைக்க நீ கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு புரோகிராம் எழுதினாய். அதில் தெலுங்குப் பெயர்களை விட்டுவிட்டாய். அதனால் ஒரு குழந்தை ராத்திரி முழுக்கத் தாய் இல்லாமல் கிடந்தது. இதுதான் கதை. முதலில் சொன்னவர் உன் சென்டர் முதலாளி. துக்கம் கேட்க வந்த அன்றைக்கே வாசலில் நின்று சொன்னார்.

"இன்னா பண்றதுப்பா. பொண்ணு நல்லாத்தான் எழுதிச்சி. தெலுங்குப் பேருங்கள மறந்துட்ச்சி. ஜொரம் வேற."

அவர் சென்டரிலேயே வாட்ச்மேனாக இருக்கும் நம் நைனா தலையை ஆட்டினார். "ஆங், சரிங்க சார்."

அந்த 'ஆங்'கை நான் மன்னிக்கமாட்டேன். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள், அப்பாவை நைனா என்றே கூப்பிட்டவள் தெலுங்கை மறப்பாளா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அம்மா அதற்கும் மேலே போனாள். "உடுடி. செத்தவளுக்கு நியாயம் கெடச்சி இன்னா ஆவப்போவுது? உங்க நைனா வேலை போனா நீ படிக்க முடியுமா?"

அந்தக் குழந்தையின் பெயர் உனக்குத் தெரியுமா? நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். முழுக்கதையையும் யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் பெயரே சின்னம்மா. நான்கு வயது, ஆந்திரா பக்கம். மலைப்படி ஆரம்பிக்கும் இடத்தில் காவடிக் கூட்டத்தில் தாயின் கை நழுவிவிட்டது. சென்டருக்குத் தூக்கி வந்த தொண்டர் "பேரு இன்னாமா?" என்று கேட்க, "சின்னம்மா, சின்னம்மா" என்று அழுதிருக்கிறாள். நம் ஊர் தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும்? சித்தியைக் கூப்பிடுகிறாள் என்றுதான். பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, 'சின்னம்மாவுடன் வந்தவள்' என்று பதிந்துவிட்டார்கள். வேறொரு இடத்து மைக்கில் அவள் தாய் 'சின்னம்மா என்ற பெண் குழந்தை' என்று அறிவிக்கச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பதிவையும் புரோகிராம் ஒன்றாகச் சேர்க்கவில்லை. மறுநாள் காலையில்தான் இட்லி வாங்க வந்த தாய் தற்செயலாக மகளைப் பார்த்தாள்.

நைனாவிடம் அந்தத் தாய் கேட்டாளாம்: "மீரு கூடா தெலுகுவாள்ளே கதா?" நீங்களும் தெலுங்குக்காரர்கள்தானே என்று. நைனா இதைச் சொன்னபோதுதான் அழுதார். உனக்காக அழவில்லை; அவமானத்தில் அழுதார்.

பதினோராம் நாள் அன்று முதலாளி நைனாவைக் கூப்பிட்டு நீ எழுதிய ஃபைலைத் திறந்து காட்டினார். நானும் பின்னாலேயே போயிருந்தேன். மேலே உன் பெயர். கீழே கீழே போனால் வள்ளி, வள்ளியம்மா, முருகன், முருகேசன் என்று ஒரே பெயரின் பல வடிவங்கள். தெலுங்கு எங்குமே இல்லை.

"பார்த்துக்கோ. நான் பொய் சொல்லிகினு கீறனா?" என்றார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன். மறந்துதான் விட்டாயோ? காய்ச்சல் வருவதற்கு முன்பே உடம்பு முடியாமல் இருந்ததோ? இதற்கு என்னைத் திட்டு. திட்டுவதற்கு நீ இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இன்று சாயங்காலம் நைனாவுக்கு டிபன் கொண்டு போனேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். மூலையில் உன் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. திருவிழாவுக்காக நீ இன்வர்ட்டரில் போட்டது. அதற்குப் பிறகு யாரும் அதை நிறுத்தவில்லை. 'செத்த பொண்ணு மெஷின்' என்று பயம். முதலாளி ஃபைலைத் திறந்து காட்டினதே வாசல் மேஜையிலிருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில்தான்; இரண்டிலும் திறப்பது ஒரே ஃபைல். நாளைக் காரியம் முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு வேலைக்குப் போடப் போகிறாராம்.

மவுஸைத் தொட்டேன். திரையில் கருப்பு ஜன்னல் எழுந்து வந்தது. மூன்று அம்புக்குறி, பக்கத்தில் துடிக்கிற கோடு. உன் புரோகிராம் திருவிழாவில் ஓடிய அதே நிலையில் அப்படியே காத்திருந்தது.

நீ திட்டிக்கொண்டே தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நான் கேட்டேன், ஃபைலை மாற்றினால் ஓடிக்கொண்டிருப்பது மாறாதா என்று. "லூசு, பரீட்ச ஹால்ல உக்காந்த பொறவு புஸ்தகத்த கிழிச்சா, மனப்பாடம் பண்ணது போயிடுமா?" என்று சிரித்தாய். நீ புரோகிராம் எழுதும் பைத்தான் மொழி ஒருமுறை படித்து மனதில் வாங்கியதை, ஜன்னலை மூடும்வரை வைத்திருக்கும். என்ன வைத்திருக்கிறாய் என்று அதையே கேட்கலாம்.

dir() என்று தட்டினேன். உள்ளே உயிரோடு இருக்கும் பெயர்களை எல்லாம் வரிசையாகக் காட்டியது. பெயர்களைப் பொருத்த நீ எழுதிய பகுதியும் அதில் இருந்தது. அதற்கு நீ எழுதிவைத்த விளக்கத்தைக் காட்டு என்று கேட்டேன். ஆங்கில எழுத்தில், நம் வீட்டுத் தெலுங்கில் வந்தது: "சின்னம்மா அன்டே பின்னி ஒக்கட்டே காது, பேரு கூடா." சின்னம்மா என்றால் சித்தி மட்டும் இல்லை, பெயரும்தான்.

அக்கா, நீ மறக்கவில்லை. ஃபைலில் இல்லாதது உள்ளே இருக்கிறது. நீ எழுதியதைப் பிறகு யாரோ ஃபைலிலிருந்து வெட்டியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் அன்று ஏன் பொருந்தவில்லை? மறுபடியும் பட்டியலைப் பார்த்தேன். telugu என்று ஒரு பெயர். அதன் மதிப்பைக் கேட்டால் பூஜ்யம். நீ வைத்த சுவிட்ச் அது, யாரோ அணைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்தே இன்னொரு பெயர்: thelungu. அதற்கும் பூஜ்யம்.

நம் வீட்டில் யாரும் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் அப்படி எழுதமாட்டோம். நமக்கு அது தெலுகு. நடுவே 'ங்' போடுகிறவர்கள் தமிழ்க்காரர்கள். இல்லாத பெயருக்கு மதிப்புக் கொடுத்தாலும் பைத்தான் கோபித்துக்கொள்ளாது, புதிதாக ஒன்றை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அணைக்க வந்த தமிழ்க்காரர் முதலில் தப்பாகத் தட்டியிருக்கிறார். ஒன்றும் அணையவில்லை. பிறகு சரியாகத் தட்டியிருக்கிறார்.

சரியான எழுத்து அவருக்கு எப்படித் தெரிந்தது?

அக்கா, நான்தான் சொன்னேன்.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், திருவிழா அன்று மதியம் உன் செல்போன் அடித்தது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் எடுத்தேன். முதலாளிதான். "சித்திய கேட்டு அழுவுற பசங்க எல்லாம் பேருன்னு வந்துகினு கீது, மைக்ல கத்தறாங்க. ஒங்கக்கா போட்ட சுச்ச நிறுத்தணும். தெலுங்குக்கு இன்னா ஸ்பெல்லிங்மா?" பின்னால் அரோகரா சத்தம். பாதிதான் காதில் விழுந்தது. நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஸ்கூலில் ஸ்பெல்லிங் சொல்வது போல, பெருமையாக.

ஒரு அவசரத்தில் நிறுத்தினார், சரி. திரும்பப் போட மறந்தார், அதையும் விடு. மனுஷர்தானே. ஆனால் உன் கட்டிலுக்கு வந்து "ஒன் புரோகிராம்தான்மா ஏமாத்திட்ச்சி" என்று சொன்னாரே, அது எந்த அவசரம்? நீ செத்தபிறகு உன் பெயருக்குக் கீழே இருந்த வரிகளை வெட்டினாரே, அது எந்த மறதி? அன்று நீ என்னைப் பார்த்து, தங்கச்சியை நம் தெலுங்கில் கூப்பிடுகிறபடி, "நானே மறந்துட்டனா செல்லி?" என்று கேட்டபோது, "தெரியலக்கா" என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரியாமலேயே உன்னை அனுப்பிவைத்தேன்.

எதையும் நான் மாற்றவில்லை. பார்த்ததை எல்லாம் இதே நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் என் கையெழுத்தை யார் நம்புவார்கள்? நம்பவேண்டியது அந்தக் கருப்பு ஜன்னல். அதை மூடினாலோ, கரண்ட் போய் இன்வர்ட்டர் தீர்ந்துபோனாலோ, உன் சின்னம்மாவும் அவருடைய தப்பும் சேர்ந்து போய்விடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நைனாவின் வேலை, என் ஃபீஸ், அம்மாவின் அடி, எல்லாமே பயம். அதைவிட, ஸ்பெல்லிங் சொன்னது நான்தான் என்று தெரிந்தால் அந்தக் குழந்தையின் தாய் என்னை என்ன கேட்பாளோ என்று பயம்.

ஆனாலும் கேட்டுக்கொள். நாளை இலை போடுவதற்கு முன் எல்லாரும் கூடியிருக்கும்போது, முதலாளியும் உட்கார்ந்திருக்கும்போது, என் பங்கைத்தான் முதலில் சொல்வேன். எழுத்தைச் சொன்னவள் நான். பிறகு அவரைச் சொல்வேன். நம்பாதவர்கள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே என்னோடு சென்டருக்கு வரட்டும். ஷட்டர் சாவி இப்போது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது, நைனா இன்னும் தேடவில்லை. நைனாவை உன் நாற்காலியில் உட்காரவைத்து, அவர் விரலாலேயே தட்டச் சொல்லி, நீ எழுதிய வரியை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கவைப்பேன். தெலுங்கில்தான் படிக்கவேண்டும்.

தெரியலக்கா என்று இனி ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அடி வாங்கத் தயாராக இருக்கும்
உன் செல்லி