ஒரு சீட்டு, ஒரு ஆள்

புல்வேரும் ஈரமண்ணும் கலந்த அந்த வாசம் இன்று என் கையில் இருந்தது. சோப்புப் போட்டும் போகவில்லை. சாரல் காலம் முழுக்கப் பிள்ளைகள் பந்தடித்து மிதித்ததில் இலஞ்சிப் பள்ளிக்கூட மைதானம் கல்லாக இறுகிக் கிடந்தது. டிராக்டருக்குப் பின்னால் துளைபோடும் இயந்திரத்தை மாட்டி ஓட்டினேன். அதன் குழாய் ஊசிகள் குத்தி எடுத்த மண் துண்டுகள் உடைந்த முறுக்குப் போல வழியெல்லாம் சிதறின. போன வருஷம் வரை இந்த வாசம் உன் கையில் இருந்தது. நீ காய்ச்சலில் போய்ப் பதினோரு மாதம் கழித்து எழுதுகிறேன். முன்பே எழுதியிருந்தால் பொய்யாக எழுதியிருப்பேன்.

உன் மேல் எனக்குப் பொறாமை. தோட்டக்கலை வகுப்பில் நான்தான் முதல் மதிப்பெண். இந்த மைதானப் பராமரிப்பு வேலைக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். நேர்முகத் தேர்வு அன்று எனக்கு நிறைமாதம். வேலை உனக்கு. "நீ பெத்துட்டு வா ஏட்டி, அதுவரைக்கும் சீட்ட சூடா வச்சிருக்கேன்" என்றாய். என் வீட்டுக்காரர் வேறு, பைக்கில் மைதானத்தைத் தாண்டும்போதெல்லாம், "ஒன் கூட்டாளி வண்டிய வளைக்கத பாரு!" என்பார். நான் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன்.

உன்னிடம் குறை கண்டுபிடிக்கவே வேலியோரம் நின்றிருக்கிறேன். துப்பட்டாவைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் திணித்துவிட்டுத்தான் ஏறுவாய். ஊசியில் மண் அடைத்தால் இயந்திரத்தைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு விசையை நிறுத்தி, இயந்திரத்தைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, சாவியை உருவிக்கொள்வாய். அப்போதும் இறங்கமாட்டாய். பின்னால் தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்குமே! அது ஓயும்வரை அருவிகளின் பெயரைச் சொல்வாய். "பேரருவி, சிற்றருவி, செண்பகா, தேனருவி, ஐந்தருவி..." பழைய குற்றாலம்வரை சொல்லி முடித்து, திரும்பிப் பார்த்து, தண்டு அசையாமல் நின்றால்தான் உன் கால் தரைக்கு வரும்.

"என்னட்டி, வேண்டுதலா?" என்று கிண்டலடித்தேன்.

"அருவின்னா ஒலகமே குளிக்க ஓடுது. நான் ஒருத்தியாவது மெதுவா போறேன்" என்று சிரித்தாய்.

குறை எதுவும் கிடைக்கவில்லை. அதுவும் எரிந்தது.

யாழினிக்கு மூன்று வயதிருக்கும். "சித்தி, நானும்" என்று உன்னிடம் கை நீட்டினாள். "மட்கார்டுல உக்கார வச்சு ஒரு ரவுண்டு போயேன்" என்றேன் நான்.

"ஒரு சீட்டு, ஒரு ஆளு."

பள்ளிக்கூடத்து ஆட்கள் எல்லாருக்கும் முன்னால் நீ மறுத்ததில் எனக்கு ஆத்திரம் ஏறிவிட்டது. "ஒண்ணு பெத்திருந்தா அது ஏங்குதது தெரியும்" என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். என்ஜின் அணைந்திருந்தது. நீ மெதுவாகச் சொன்னதும் தெளிவாகக் கேட்டது.

"எனக்குப் பிள்ள இல்லதான் ஏட்டி. அதுக்காக ஒம் பிள்ளைய ஊசிக்கு அடியில குடுக்கவா?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. நாலாம் மாதம் நீ இல்லை. உன் வேலை எனக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க ஆளில்லாத சீட்டில் தினமும் பயந்துகொண்டே ஏறுகிறேன்.

இன்று பள்ளி விட்டதும் யாழினி ஓடிவந்தாள். ஏறவேண்டுமாம். வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, முடியாது என்றேன். உதட்டைப் பிதுக்கினாள்.

"நீ மோசம். டிராக்டர் சித்தி இருந்தா ஏத்திட்டுப் போவாவ. அன்னைக்கு என்னைய மடியில வச்சு ஓட்டுனாவல்லா?"

மறுத்ததே உன் சித்திதான் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "ஆமா, ஓட்டுனா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

என் மகளின் நினைவில் நீ அவளை மடியில் வைத்து மைதானத்தைச் சுற்றி வருகிறாய். அங்கே எந்த ஊசியும் இல்லை, விழ இடமும் இல்லை. வேலிக்குப் பின்னால் அவளை நிறுத்துகிறவள் நான்தான். இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, ஏட்டி.