கால் மேல் கால் போட்ட சாம்பியன்

ஜூலை 4, சனி
உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு: கால் மேல் கால் போட்டு அசையாமல் உட்காரும் போட்டியில் இன்று அடியேன் வாகை சூடினேன். தோற்றவன் நெட்டை, என் வகுப்புத் தோழன், பள்ளி அணியின் கோல் இயந்திரம். ஒரு மாதம் என் பையை அவன்தான் சுமக்க வேண்டும்.

இடம், அவன் வீட்டு சோபா. இரண்டு பேர் கண்ணும் வீடியோ கேமில். நடுவர், அவன் தங்கை. எனக்கோ ஓயாத தாகம். பாவம், தண்ணீர் கொண்டுவந்தே அலுத்துப்போனாள். சாயங்காலம் நெட்டை, "போதும்டா சாமி, கால் மரத்துப்போச்சு" என்று எழுந்தான். அப்படியே மடிந்து விழுந்தான்.

"மரமாயிடுச்சா? தண்ணி ஊத்துடா, துளிர் விடும்!" என்றேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூலை 5
துளிர் இல்லை. நடிக்கிறான். பை சுமக்கப் பயம்.

ஜூலை 6
நடிப்பில்லை. பாதத்தைத் தூக்க முடியவில்லை. நடந்தால் செருப்பு சட், சட் என்று தரையில் அடிக்கிறது. "குதிரை வருது, வழி விடுங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அவன் அம்மாவோடு டாக்டரிடம் நானும் போனேன். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்து எலும்பைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுது. கொஞ்ச நேரம் அமுங்கினா எறும்பு ஊரும், எழுந்து நடந்தா சரியாயிடும். மணிக்கணக்கா அமுக்கினா இப்படித்தான். ஒல்லியான ஆளுக்குச் சீக்கிரமே வரும்."

"சரியாயிடும்ல?" என்றான் நெட்டை.

"பெரும்பாலும் ஆயிடும். வாரக்கணக்காகலாம். கால் மேல கால் போடாத, பட்டை கட்டிக்கோ, பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பழகு."

"சனிக்கிழமை மேட்ச் சார்..."

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 11
தோற்றோம். பட்டை கட்டிய காலை நீட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தான். அவன் பை என் மடியில்.

ஜூலை 19
கால் கட்டைவிரல் லேசாக எழும்புகிறதாம். காட்டினான். பிறகு கேட்டான்: "நீயும் அவ்வளவு நேரந்தானே உக்காந்த? உனக்கு மட்டும் எப்படிடா ஒண்ணும் ஆகல?"

"நம்ம உடம்பு அப்படி" என்றேன்.

ச்சே. என்ன வாய் இது!

ஆகஸ்ட் 2
இன்று சொல்லிவிட்டேன். "நான் ஒரு தடவைகூட அசைக்கலடா" என்றான். உதைப்பான் என்று நினைத்தேன். உதைக்கவில்லை. என் தோளிலிருந்த அவன் பையை வாங்கிக்கொண்டு நடந்தான். சட், சட். சத்தம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான்: அன்னைக்கு எனக்குத் தாகமே எடுக்கல. உன் தங்கச்சி தண்ணிக்குப் போனப்பல்லாம் காலை மாத்திப் போட்டுக்கிட்டேன். முதல்ல மரத்துப்போனது என் காலுதான்டா.